ஒழுகும் வரை ஓடும்!

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் மரத்தோணி பழுதுபார்க்கிறவர்களிடம் போய், 'இந்தத் தோணிக்குள்ளே தண்ணி வருமா?' என்று கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். வராமல் எப்படி இருக்கும்? பலகையோடு பலகையைச் சேர்த்து ஆணி இறுக்கிய கலம் அது. இடுக்கு இருக்கத்தான் செய்யும். அந்த இடுக்கில் பஞ்சுத் திரியைச் செருகி, உளி வைத்துத் தட்டி, குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பசையைப் பூசுவார்கள். இந்த வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். முத்துக்கு ஆசைப்பட்டு இந்தக் கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியர்கள் விட்டுப்போன சொல் என்பார்கள். அவர்கள் போய், டச்சுக்காரன் போய், வெள்ளைக்காரனும் போய், 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பும் நின்றுபோய்விட்டது. கலப்பத்து மட்டும் நின்றபாடில்லை. எவ்வளவு கெட்டியாகச் செய்தாலும் கொஞ்சம் தண்ணீர் கசியும், இறைத்துக்கொள்ள வேண்டியதுதான். கசிகிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. எவ்வளவு கசிகிறது? அதுதான் கேள்வி.

இதே ஊரில், துறைமுகத்துக்குக் கொஞ்ச தூரத்திலேயே, இன்னொரு கூட்டம் ஏறக்குறைய இதே பிரச்னையோடு பல வருடம் மல்லுக்கட்டியது. மோட்டார் மெக்கானிக்குகள். தோணியில் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. இவர்களுக்கோ எண்ணெய் வெளியே போகக்கூடாது!

அம்பாஸடர் கார் வைத்திருந்த எந்த வீட்டுக்கும் இது தெரியும். கார் நிற்கும் இடத்தில், எஞ்சினுக்கு நேர் கீழே, தரையில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். சிலர் பழைய தகரத் தட்டை வைப்பார்கள். சிலர் மணலைக் கொட்டி வைப்பார்கள். மெக்கானிக்கிடம் போய் முறையிட்டால், "அண்ணாச்சி, ஒழுகுதுன்னா உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம். ஒழுகலைன்னாத்தான் நீங்க பயப்படணும்!" என்று பதில் வரும். ஜோக்குதான். ஆனால், பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைக்குப் பின்னால் ஒரு முழுச் சரித்திரம் இருக்கிறது.

அம்பாஸடரை நாம் சுதேசிக் கார் என்று கொண்டாடினோம். பிரதமர் முதல் பஞ்சாயத்துத் தலைவர் வரை அதில் போனார்கள். அசல் பிறப்பிடம் எது தெரியுமா? இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தை ஒட்டிய கௌலி. அந்தத் தொழிற்சாலையை ஆரம்பித்தவர் வில்லியம் மோரிஸ். அவர் வாழ்க்கையைத் தொடங்கியது எப்படி என்றால், சைக்கிள் ரிப்பேர்க் கடை வைத்து! பஞ்சர் ஒட்டிய கை, பிறகு பிரிட்டனின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்றைக் கட்டியது.

பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல், குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கியது. 1948-ல் கல்கத்தா பக்கத்தில் இருக்கும் உத்தர்பாராவுக்குக் குடிபெயர்ந்தது. மோரிஸ் கம்பெனியின் கார்களைத்தான் அது பெயர் மாற்றி விற்றது. மோரிஸ் டென் இங்கே 'ஹிந்துஸ்தான் டென்' ஆனது. மோரிஸ் மைனர் 'பேபி ஹிந்துஸ்தான்' ஆனது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டாவது வரிசை 1954-ல் 'லேண்ட்மாஸ்டர்'. மூன்றாவது வரிசை 1957-ல் 'அம்பாஸடர்'. இங்கிலாந்துக்காரர்கள் அந்த மூன்றாவது வரிசையை மூன்றே வருடத்தில், 1959-ல், மூட்டை கட்டிவிட்டார்கள். நாமோ 2014 மே மாதம் வரை விடாமல் செய்துகொண்டிருந்தோம். பெற்றவள் மறந்துவிட்டாள், வளர்த்தவள் ஐம்பத்தேழு வருடம் இடுப்பிலேயே வைத்திருந்தாள்!

சென்னையும் சளைத்ததல்ல. 1948-ல் எண்ணூரில் ஆரம்பித்த 'அசோக் மோட்டார்ஸ்' முதலில் பூட்டி விற்றது ஆஸ்டின் ஏ-40 என்ற பிரிட்டிஷ் கார். 1955-ல் அதுதான் அசோக் லேலண்ட் ஆகி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது. அதே 1955-ல் என்ஃபீல்டு புல்லட் சென்னையில் கால் ஊன்றியது. அந்தப் பக்கம் வண்டலூரில் 'ஸ்டாண்டர்டு மோட்டார்' 1961 முதல் ஹெரால்டு கார் செய்தது. ஆக, சுதந்திரம் வாங்கிய பிறகும் நம் சாலையில் ஓடிய எஞ்சின்களில் பெரும்பகுதி லண்டன் தமிழ்தான் பேசிக்கொண்டிருந்தது. கப்பல் ஓட்டிய வ.உ.சி. ஊரான தூத்துக்குடியில்கூட!

சரி, அந்த எஞ்சின்கள் ஏன் அப்படி ஒழுகின?

'வெள்ளைக்காரன் பழைய டிசைனை நம் தலையில் கட்டிவிட்டான்' என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. அது அநியாயம். அம்பாஸடரில் 1959 முதல் வந்தது 1489 சி.சி. 'பி சீரிஸ்' எஞ்சின். அந்தக் காலத்துக்கு அது உருப்படியான எஞ்சின்தான். அதில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் முனையைப் பாருங்கள். இன்றைய காரில் அந்த இடத்தில் ஒரு ரப்பர் சீல், தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும். பி சீரிஸில் அது இல்லை. அதற்குப் பதிலாக, தண்டின் மேலேயே திருகு மரை மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருந்தார்கள். எஞ்சின் சுற்றும்போது அந்த மரையும் சுற்றும். வெளியே வர நினைக்கும் எண்ணெயை மறுபடி உள்ளே தள்ளிவிடும். கெட்டிக்காரத்தனமான யோசனை. எதுவும் எதோடும் உரசவில்லை, ஆகவே தேய்வதற்கு ஒன்றுமில்லை.

சிக்கல் எப்போது என்றால், வண்டி நின்ற பிறகு. சுற்றினால்தானே தள்ளும்? மேட்டில் மூக்கைத் தூக்கிக்கொண்டு வண்டியை நிறுத்தினால், எண்ணெய் நிதானமாகப் பின்பக்கம் இறங்கிச் சொட்டும். பேரிங் தேய்ந்து தண்டு கொஞ்சம் ஆட ஆரம்பித்தால், இடைவெளி கூடும். அப்புறம் ஓடும்போதும் சொட்டும். சொட்டுகிற எண்ணெய் நேராகக் கிளச் இருக்கும் கூட்டுக்குள் போகும். கிளச் வழுக்க ஆரம்பிக்கும்.

இந்த எஞ்சினுக்குத் தம்பி ஒன்று உண்டு, 'ஏ சீரிஸ்'. மோரிஸ் மைனரில் இருப்பது. அதன் பின்முனையிலும் இதே மரைப்பள்ளம்தான். அதில் கிளச் கூட்டின் அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, ஓட்டையில் ஒரு பிளவு ஊசியைத் தளர்வாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எதற்கு? உள்ளே சேரும் எண்ணெய் வெளியே சொட்டட்டும் என்று ஓட்டை. அழுக்கு சேர்ந்து ஓட்டை அடைத்துவிடக்கூடாதே, வண்டி குலுங்கும்போது ஊசி ஆடி ஆடி அடைப்பை எடுத்துக்கொண்டே இருக்கட்டும் என்று ஊசி! அதாவது, ஒழுகும் என்று வரைபடம் போட்டவனுக்கே தெரியும். ஒழுகுவதற்கு வழியும் செய்து, அந்த வழியைச் சுத்தம் பண்ண ஆளும் போட்டுவிட்டான். இதைவிட நேர்மையான ஒப்புதல் வாக்குமூலம் எந்தக் கம்பெனி கொடுத்திருக்கிறது, சொல்லுங்கள்?

மற்ற இடங்களில் ஒழுகியதற்குக் காரணம் கார்க். ஆமாம், பாட்டிலுக்கு மூடியாக வருமே, அதே கார்க். வால்வு மூடிக்கு அடியில், பக்கவாட்டில் இருக்கும் டேப்பட் மூடிகளுக்கு அடியில், கீழே எண்ணெய்த் தொட்டி விளிம்பில் எல்லாம் கார்க் பேக்கிங்தான் வைத்தார்கள். புதிதில் மெத்து மெத்தென்று இருக்கும். சில வருட எஞ்சின் சூட்டில் அப்பளம் மாதிரி ஆகிவிடும். ஒழுகுகிறதே என்று ஓட்டுநர் ஸ்பேனரை எடுத்து நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்குவார். தகர மூடி வளையும். வளைந்தால் இன்னும் ஒழுகும். மறுபடி இறுக்குவார்... அம்பாஸடர் வால்வு மூடிகளில் பாதி, ஒழுகுவதை நிறுத்தப் போய்க் கெட்டவைதான்.

நல்ல மெக்கானிக் உடனே ஸ்பேனரைத் தொடமாட்டார். முதலில் எஞ்சின் முழுவதையும் மண்ணெண்ணெயில் கழுவுவார். காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை மேலே தூவுவார். கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தால், எண்ணெய் எங்கே புறப்படுகிறது என்று வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். எண்ணெய் கீழே சொட்டும் இடம் வேறு, அது புறப்படும் இடம் வேறு. காற்று அடித்து அதைப் பின்னால் கொண்டுபோய்விடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கீழே இருக்கும் பேக்கிங்கை மூன்று தடவை மாற்றி, மூன்று தடவையும் கூலி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து அவர் பார்ப்பது எஞ்சினின் மூச்சுக்குழாயை. பிஸ்டன் ரிங் தேய்ந்தால், மேலே வெடிக்கும் வாயுவில் கொஞ்சம் கீழே நழுவி வரும். அது வெளியேற ஒரு குழாய் உண்டு. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். பிரஷர் குக்கர் மாதிரி கிடைத்த இடுக்கில் எல்லாம் எண்ணெயைப் பீய்ச்சும். அந்த நிலையில் எத்தனை புது பேக்கிங் போட்டாலும் வீண்தான். ஒரு குழாயில் கம்பியை விட்டுக் குத்தி, பெரிய ஒழுக்கை நிறுத்திய மெக்கானிக்கைப் பார்த்துக் கார்க்காரர், 'இதுக்கா இவ்வளவு கூலி?' என்று கேட்பார். கம்பியைக் குத்துவதற்கு அல்ல, எங்கே குத்துவது என்று தெரிந்ததற்குத்தான் கூலி.

பேக்கிங்கையும் அவர்கள் கடையில் வாங்குவதில்லை. பேக்கிங் ஷீட்டை அந்த உலோக விளிம்பின் மேலேயே விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே போவார்கள். விளிம்பின் கூர்மையே ஷீட்டை வெட்டிவிடும். போல்ட் ஓட்டை, வளைவு, நெளிவு எல்லாம் அச்சாக விழும். மேலே கொஞ்சம் ஷெல்லாக். தோணிக்காரர் உளியில் தட்டுவதும் இவர் சுத்தியலில் தட்டுவதும் பக்கத்துப் பக்கத்துச் சத்தம்தான்.

தூத்துக்குடிக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. உப்புக்காற்று. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம். இந்தக் காற்றில் காரின் அடித்தகடு அரித்துக்கொண்டே போகும். கதவின் அடிப்பக்கம், மிதிக்கும் தரை, ஜாக்கி வைக்கும் இடம், வரிசையாகப் பொத்தல் விழும். அம்பாஸடருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது, உடம்பேதான் எலும்பு. அடித்தகடு போனால் ஆளே போனமாதிரி. இங்கேதான் வேடிக்கை. பழைய வண்டியைத் தூக்கிவைத்து அடியில் பாருங்கள்: எண்ணெய் ஒழுகிப் படிந்த இடத்தில் மட்டும் துரு அண்டாது. எந்த ஒழுக்கை நிறுத்தத் தவித்தாரோ, அதுவே அவர் காரின் வயிற்றைக் காப்பாற்றியிருக்கும். இந்தக் கரையில் படகுக்கு மீன் எண்ணெய் பூசுவது ஏன் என்று தெரிந்தவருக்கு இது ஆச்சரியமே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அறுபது, எழுபதுகளில் கார் வாங்கப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தேசம் இது. வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்கு வழியில்லை. ஆகவே இருக்கிற வண்டியைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு மார்க்கம் கிடையாது. இருந்தாலும் நமக்கு ஒரு கொடுப்பினை இருந்தது: பாகம் கிடைத்தது. உத்தர்பாராவில் எஞ்சின் வார்த்துக்கொண்டிருந்தார்கள். சென்னை புதுப்பேட்டைக்குப் போனால் முழுக் காரையே துண்டு துண்டாக வாங்கலாம். கோயம்புத்தூரில் லேத் இருந்தது.

பாகமே கிடைக்காவிட்டால்? அதற்கு வளைகுடாவைத் தாண்ட வேண்டும்.

தூத்துக்குடிக்கு எதிர்க்கரை இலங்கை. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கும்வரை, சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடிக்கு வந்துதான் கப்பல் ஏறினார்கள். முத்துச் சிப்பி வளைகுடாவின் இரண்டு பக்கமும் விளைந்தது. குளிக்கிறவர்களும் இரண்டு பக்கமும் போனார்கள். வெள்ளைக்காரன் காரும் இரண்டு பக்கமும் இறங்கியது. அங்கே ஆஸ்டின் கேம்ப்ரிட்ஜ், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, மோரிஸ் மைனர், ஆஸ்டின் ஏ-40. கேம்ப்ரிட்ஜ் காரின் எஞ்சினும் பி சீரிஸ்தான். அதாவது, தூத்துக்குடி டாக்சி ஸ்டாண்டில் நின்ற அம்பாஸடரும் யாழ்ப்பாணத்தில் நின்ற கேம்ப்ரிட்ஜும் ஒருவிதத்தில் அண்ணன் தம்பி.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்கள் அதிகம். அரசாங்க உத்தியோகத்தில் சேமித்த பணம், மலாயாவுக்குப் போய் வந்த பென்ஷன் பணம் எல்லாம் ஒரு கல் வீட்டிலும் ஒரு ஆஸ்டினிலும் போய் முடிந்த காலம் உண்டு. 1970 முதல் 1977 வரை இலங்கை அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தபோது புது கார் வரத்து அருகியது. பழையதையே பூட்டிக் கழற்றப் பழகிக்கொண்டார்கள். அது ஒத்திகை. நாடகம் பிறகு வந்தது.

1990 ஜூனில் போர் மறுபடி வெடித்தது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை. மின்சாரம் நின்றது. பெட்ரோல், டீசல், பேட்டரி, சிமெண்ட், வாகன உதிரிபாகம் எதுவும் போகக்கூடாது. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். வீட்டு வாசலில் நின்ற ஜப்பான் கார்கள் பெட்ரோல் இல்லாமல் பொம்மை ஆயின. முப்பது, நாற்பது வயதான ஆஸ்டினும் மோரிஸும் மட்டும் புகை கக்கிக்கொண்டு ஓடின. எதில்? மண்ணெண்ணெயில்!

மண்ணெண்ணெயும் தாராளமாக வரவில்லை. ஆனால் அடுப்புக்கும் விளக்குக்கும் என்று கொஞ்சம் வந்தது. குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது, ஆவியாகாது. ஆகவே முதலில் கொஞ்சம் பெட்ரோல். சின்ன போத்தலில் பத்திரப்படுத்திய பெட்ரோலைக் கார்பரேட்டருக்குச் சில சொட்டுக் காட்டி எஞ்சினைக் கிளப்புவார்கள். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார்கள். "கொஞ்சம் பெற்றோல் காட்டினால் காணும் அண்ணை, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்" என்பது அந்த ஊர்ப் பேச்சு. பெட்ரோல் தங்கம் மாதிரி. கல்யாணத்துக்கு நகை இரவல் கேட்பதுபோலப் பெட்ரோல் கேட்ட காலம்.

இது எப்படிச் சாத்தியம்? அந்த எஞ்சின்கள் மந்தமானவை என்பதால்! எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியை எவ்வளவு நசுக்குகிறோம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இன்றைய கார்களில் பத்து மடங்கு, அதற்கும் மேலே. இந்தப் பழைய எஞ்சின்களில் ஏழு மடங்கு சொச்சம்தான். ரொம்ப நசுக்கினால் மண்ணெண்ணெய் கண்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும். மெல்ல நசுக்கினால் முணுமுணுத்துக்கொண்டே எரியும். எந்தக் குணத்தை 'இழுவை பத்தாது' என்று உலகம் பழித்ததோ, அதே குணம் இங்கே உயிர் பிடித்தது.

இதில் இன்னொரு சுவாரஸ்யம். இங்கிலாந்துக்காரர்களே இந்த வித்தையைச் செய்திருக்கிறார்கள். 1940-களின் கடைசியில் அங்கே வயலில் ஓடிய ஃபெர்குசன் டிராக்டரில், பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய் மாதிரியான ஒரு மலிவு எரிபொருளுக்கு மாற்றும் ரகம் இருந்தது. யாழ்ப்பாணத்து மெக்கானிக் அந்தக் கையேட்டைப் படித்துவிட்டுச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. தேவை அதே இடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோனது, அவ்வளவுதான். நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, மதுரை டி.வி.எஸ். கரி வாயுவில் பஸ் ஓடும்படி அடுப்பு செய்து பொருத்தியது. 'கரி பஸ்' என்றால் வயதானவர்கள் இன்றும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

ஆனால் மண்ணெண்ணெய் சும்மா விடாது, கூலி கேட்கும். முழுசாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கே இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே தொட்டிக்குள் இறங்கும். எஞ்சின் ஆயில் ரசம் மாதிரி நீர்த்துவிடும். நீர்த்த எண்ணெய் முன்னைவிட வேகமாக ஒழுகும். பின்முனை மரைக்கு அதைத் தள்ளிப் பிடிக்கும் சக்தி இல்லை. பேரிங் தேயும். தேய்ந்தால் இன்னும் ஒழுகும். புது ஆயிலா? அதுவும் கிடையாது. சொட்டும் எண்ணெயைத் தட்டில் பிடித்து, துணியில் வடிகட்டி மறுபடி ஊற்றுவதைத் தவிர வேறு என்ன வழி? கறுப்பு வட்டம் நம் வீட்டில் அசிங்கம், அங்கே நஷ்டக்கணக்கு.

பேட்டரி தடைப் பட்டியலில் இருந்ததால், இந்தக் கார்களின் இன்னொரு பழங்கால வசதி கை கொடுத்தது. முன்பக்க பம்பரில் ஒரு துளை. அதில் இரும்புக் கைப்பிடியை விட்டுச் சுற்றினால் எஞ்சின் கிளம்பும். ஸ்டார்ட்டரைச் சுழற்றத் தெம்பில்லாத பேட்டரிகூட பிளக்கில் பொறி விழப் போதும். சுற்றுவதற்குத்தான் ஆள் வேண்டும். பழைய கார் அந்த ஆளை எதிர்பார்த்தே செய்யப்பட்டிருந்தது. பெட்ரோல் தொட்டியில் பொத்தலா? சவர்க்காரக் கட்டியைத் தேய்த்து அடை. பேக்கிங் போனதா? அட்டையை வெட்டு. பாகமே உடைந்துவிட்டதா? ஓடாமல் கிடக்கும் இன்னொரு காரிலிருந்து கழற்று. இல்லாவிட்டால் பட்டறையில் கடைந்து எடு.

இதையெல்லாம் சாமர்த்தியம் என்று கைதட்டிவிட்டுப் போய்விடலாம். எனக்கு மனசு வரவில்லை. இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு ஊரில் ஒன்றிரண்டு கார்தான் ஓடும் நிலையில் இருக்கும் என்றால், அந்தக் காரின் ஆயில் ஒழுகுகிறதா இல்லையா என்பது மெக்கானிக்கின் கௌரவப் பிரச்னை அல்ல. 1995 அக்டோபர் 30-ம் தேதி, யாழ்ப்பாணமே காலி செய்துகொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தது. லட்சக்கணக்கானவர்கள், ஒரே சாலையில், மழையில். பெரும்பாலானவர்களுக்குக் கால்நடையும் சைக்கிளும்தான். வீட்டோடு விட்டுப்போன கார்களும் உண்டு. எத்தனையோ வருடம் பேணிக் காத்தவை. ஓடுவதற்கு எண்ணெய் இல்லையென்றால் அதுவும் ஒரு தகரம்தானே.

2002-ல் போர் நிறுத்தம் வந்து ஏ-9 சாலை திறந்தது. பெட்ரோல் வந்தது, ஜப்பான் வண்டிகள் வந்தன. 2006-ல் மறுபடி மூடினார்கள். 2009-ல் போரே முடிந்தது. அதற்குப் பிறகும் சில வருடம் யாழ்ப்பாணத்து வாடகைக் கார் நிறுத்தத்தில் கேம்ப்ரிட்ஜும் ஆக்ஸ்ஃபோர்டும் நின்றன. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த பிள்ளைகள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இலங்கையின் தெற்கில் கதை வேறு மாதிரி திரும்பியது. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் சார்லஸ் வேர் என்று ஒருவர், மோரிஸ் மைனரைப் புதுப்பிப்பதையே தொழிலாக வைத்திருந்தார். 'கார் என்பது தூக்கிப்போடும் சாமான் அல்ல, பழுதுபார்த்துப் பழுதுபார்த்துக் காலம் பூராவும் வைத்துக்கொள்ள வேண்டியது' என்பது அவர் கட்சி. அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். மைனரை 1971-லேயே இங்கிலாந்தில் நிறுத்திவிட்டார்கள். தகடுகளுக்கு எங்கே போவது? 1990-களில் அவர் இலங்கையில் ஒரு பட்டறை அமைத்து மைனருக்கான பாகங்களைச் செய்ய வைத்தார். ஆங்கிலேயன் காரை இங்கே கொண்டுவந்து விற்ற காலம் போய், அந்தக் காருக்கு உறுப்புகள் இங்கிருந்து கப்பலேறிய காலம்! வடக்கே அதே வருடங்களில் அதே காருக்கு ஒரு ரப்பர் வளையம் கொண்டுபோகத் தடை.

நம் அம்பாஸடர் 2014-ல் நின்றது. 2017-ல் அந்தப் பெயரை மட்டும் பிரான்ஸின் பியூஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கு எண்பது கோடி. ஒழுகுவதற்கு வண்டி இல்லை.

2021 ஜூலையில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய, வாடகைக்கு ஓடாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிந்துகொள்ளலாம். நம்பர் பலகையில் 'வி ஏ' என்று எழுத்து வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு நிபந்தனை: வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும், சட்டம், உடம்பு, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கண்காட்சிக்கு மட்டும் வெளியே வந்த மகாராஜா காருக்கு இது சரி. உப்புக்காற்றில் தரைத்தகட்டை இரண்டு தடவை வெட்டி ஒட்டிய, மூன்று தடவை போர் செய்து ஸ்லீவ் போட்ட தூத்துக்குடி டாக்சிக்கு? மண்ணெண்ணெய்க்குழாய் வைத்த கேம்ப்ரிட்ஜ் இந்தக் கரையில் இருந்திருந்தால் அதற்கு? மாற்றியதால்தான் அவை பிழைத்தன. பலகை பலகையாக மாற்றிய தோணியிடம் போய் 'உன் அசல் பலகை எங்கே?' என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. என்னைக் கேட்டால், 'வி ஏ' எழுத்துக்கு அந்த டாக்சிக்குத்தான் முதல் உரிமை.

இப்போது பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் புதுக் கவலை ஒன்று. பெட்ரோலில் இருபது சதவிகிதம் எத்தனால் கலக்கும் திட்டம் 2023-ல் பங்க்குகளில் தொடங்கி, 2025-ல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனாலுக்கு அந்தக் காலத்து ரப்பர் பிடிக்காது. பெட்ரோல் குழாய் ஊறும், பிறகு வெடிக்கும். பெட்ரோல் பம்ப்பின் உள்ளே இருக்கும் சவ்வு தொய்யும். கார்பரேட்டர் வாஷர் உப்பும். எண்ணெய் ஒழுகினால் கறுப்பு வட்டம்தான்; பெட்ரோல் ஒழுகினால் சூடான எஞ்சின் மேலே சொட்டும். ஆகவே அம்பாஸடரோ ஹெரால்டோ வைத்திருப்பவர்கள் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது, தொட்டியிலிருந்து கார்பரேட்டர் வரைக்குமான ரப்பர் பாகங்கள் அத்தனையையும். எத்தனால் தாங்கும் ரப்பரில் இப்போது குழாயும் சவ்வும் கிடைக்கின்றன. வால்வு மூடிக்கு அடியில் இருக்கும் கார்க்கை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். அது எப்போதும்போலக் கொஞ்சம் ஒழுகிக்கொண்டிருக்கட்டும். நட்டை மட்டும் இறுக்காதீர்கள்.